வெள்ளரிக் குடிலில் மூச்சு

பூலாம்பாடிக்குப் பக்கத்தில் மேகலா பசுமைக்குடில் போட்டு வெள்ளரி வளர்த்தாள். தினமும் காலையில் குடிலை மூடிவிட்டு, சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை உள்ளே திறந்துவிடுவாள். செடிகள் அதைக் குடித்து மதமதவென்று வளரும். இந்த முறை பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் சிலிண்டர் தீர்ந்துபோனது. போட்ட முதல் திரும்பாதே என்று அவள் உடனே புது சிலிண்டருக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஆனால் குடிலுக்குள் மாட்டியிருந்த மீட்டரில் வாயுவின் அளவு இறங்கவே இல்லை. செடிகள் முன்னைவிடச் செழித்தன.

புது சிலிண்டர் கொண்டுவந்த மணிமாறன் உள்ளே போய், வாய் பிளந்து பார்த்தான்.

"இப்படி ஒரு காய்ப்பை நான் எங்கயும் பாத்ததில்லைங்க. உள்ள நெறைய ஆள் வேலை பாக்குறாங்களா? நம்ம மூச்சுலயும் இந்த வாயுதானே வருது."

"நான் ஒருத்திதாங்க."

இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். பாலிதீன் சுவரின் உட்புறத்தில், முகம் படும் உயரத்தில், வட்டமாக ஆவி படிந்து மறைந்தது. மறுபடி படிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"சிலிண்டரைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள் மேகலா, தாழ்ந்த குரலில்.

சுவர் நெடுக வட்டங்கள் படிந்து மறைந்துகொண்டிருந்தன. சில, குழந்தைகளின் உயரத்தில்.