வியட்நாம் மட்டும் போதும்

வியட்நாமில் நாற்பது பேர் செத்தார்கள் என்று படித்ததும் துரைராசுவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முதல் பக்கம் முழுக்க அந்நிய ரத்தம். உள்ளூர்ச் செய்தி மருந்துக்குக்கூட இல்லை.

"பத்திரிகைன்னா இப்படி இருக்கணும்" என்றார், எதிரே நின்ற ஆசிரியர் உலகநாதனிடம்.

'பொன்னித் தூதன்' அவருடைய சொந்த வாரப் பத்திரிகை. நன்னிலம் பக்கத்தில் அறுபது வேலி நிலமும் ஓர் அச்சகமும் வைத்திருந்தார். அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறுவாரமே அவர் தோள்துண்டின் கரையும் மாறிவிட்டது. மாறாமல் கிடந்தது பண்ணையாட்களின் கூலி ஒன்றுதான். கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டு, குறுவைக் கதிர் முற்றியும் அரிவாளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றோடு ஒன்பது நாள்.

நடவு நேரத்திலும் கூலித் தகராறு வந்தது. கேட்ட ஆள் ஒருவனைக் களத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். உலகநாதன் அதைச் செய்தியாக எழுதி எடுத்து வந்தபோது, துரைராசு தாளை நாலாகக் கிழித்தார்.

"அடிக்கச் சொன்னது நானு, பத்திரிகையும் என்னோடது. எனக்குத் தெரியாத சேதியா இது? உலகத்துல எவ்வளவோ நடக்குது. வியட்நாம் இருக்கு பாருங்க, அது மட்டும் போதும்."

உலகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிங்க. இனிமே வியட்நாம் மட்டும்தான்."

சொன்ன சொல் தவறாத மனிதர். அதற்குப் பிறகு பொன்னித் தூதனில் வாராவாரம் வியட்நாம்தான். அதில் வரும் அமெரிக்கத் தளபதி மீது துரைராசுவுக்குத் தனி இளக்காரம். இத்தனை படையை வைத்துக்கொண்டு குடிசைக்காரர்களிடம் மூக்கறுபடுகிறானே! "அவன் எடத்துல நான் இருந்திருக்கணும், ஒரே வாரத்துல முடிச்சிருப்பேன்" என்று ரைஸ்மில்லில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு முறைதான் சந்தேகம் வந்தது.

"ஏங்க, வியட்நாம்லயும் குறுவை அறுக்குறாங்களா?"

"அதுவும் டெல்டாதாங்க. ஆத்துப் பேருதான் வேற."

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

வியட்நாமை அச்சடித்ததோடு அவர் நிற்கவில்லை. வாரம் நூறு பிரதிகளைப் பண்ணையாட்கள் தெருவுக்கு இலவசமாக அனுப்பினார். அடுத்தவன் சண்டையைப் படித்தால் சொந்தச் சண்டை மறந்துபோகும் என்பது அவருடைய ராஜதந்திரம். அது பலித்தும்விட்டது. களையெடுக்க வரும் காத்தாயிக்கு எழுத்து தெரியாது, அவள்கூட அவரை வரப்பில் பார்த்தால் ஒதுங்கி நின்று, "தளபதி சௌக்கியங்களா ஐயா?" என்று விசாரித்தாள். பட்டிக்காட்டில் உலக ஞானத்தைப் பரப்பிவிட்ட பெருமையில் துரைராசு பூரித்துப்போனார்.

அன்று, நாற்பது பேர் செத்த அந்த இதழை மடித்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வர்ற வெள்ளிக்கிழமை விடியக்காலம் வெளியூர் ஆளு இறக்குறேன். மூணு லாரி. குடமுருட்டி ஆத்து மரப்பாலம் வழியா வருது. காரியஸ்தர் காதுலகூடப் போடல. நீங்க வந்து பாத்துட்டு, 'அறுவடை அமோகம்'னு ஒரு கட்டுரை போட்டுடுங்க."

உலகநாதனை அவர் முழுதாக நம்பினார். சைகோனைத் தவிர வேறு ஊரே தெரியாத மனிதர்.

புதன்கிழமை அடுத்த இதழ் வந்தது. முதல் பக்கத்தில் 'தளபதியின் புதிய திட்டம்' என்று கொட்டை எழுத்து. "இவன் திட்டம் என்னிக்குப் பலிச்சிருக்கு?" என்று சிரித்தார் துரைராசு. லாரிக்கு ஏற்பாடு செய்யும் அவசரத்தில் தலைப்போடு நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஜீப்பில் பாலத்துக்குப் போனார். உலகநாதனைக் காணோம். முந்தின நாளே பெட்டியோடு ரயிலேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

லாரிகள் வந்தன. ஆனால் பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பண்ணையாட்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் கல்லெடுக்கவில்லை, கத்தவில்லை. காத்தாயி மட்டும் எழுந்து முதல் லாரியின் அருகே போனாள். மேலே இருந்த பெண்களை அண்ணாந்து பார்த்தாள்.

"நாங்க அரைப்படிக்குத்தான் குந்தியிருக்கோம் ஆத்தா. நீங்க எறங்கி அறுத்தா, எங்க புள்ளைங்க வாயில மண்ணுதான். இதே மாதிரி உங்க ஊருக்கு நாங்க வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

லாரியில் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு ஒரு கிழவர் டிரைவர் தலைக்கு மேலிருந்த கூரையைத் தட்டி, "வண்டியத் திருப்புப்பா" என்றார். மூன்று லாரிகளும் வந்த வழியே போயின.

துரைராசு முற்றிச் சாய்ந்த கதிரைப் பார்த்தார். வடகிழக்கே கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு நாள் போனால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

"அரைப்படிதானே, தர்றேன். இன்னிக்கே அரிவாள எடுங்க" என்றார், ஏதோ அவரே யோசித்து அருள்பாலிப்பதுபோல.

பாலத்தில் ஆரவாரம் எழுந்தது. அவருக்கு மட்டும் உள்ளே அரித்தது. காத்தாயியைக் கூப்பிட்டார்.

"நாளு, வழி, லாரி எத்தனைங்கிற வரைக்கும் தெரிஞ்சிருக்கு. எவன் சொன்னான்?"

"ஐயா குடுத்தனுப்புற பேப்பர்லதாங்க போட்டிருந்துச்சு. படிச்சுக் காட்டுனாங்க."

"அதுல வியட்நாம் சண்டைதானே இருந்துச்சு? அமெரிக்கத் தளபதி கதைதானே?"

காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தத் தளபதியே ஐயாதானுங்களே!"