ஏர் ஃபில்டரை மாத்தலாமா?

“வேண்டாம் சார். சொன்னா கேளுங்க. அந்த ஃபில்டர் உங்க வண்டிக்கு ஒத்து வராது.”

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் மெக்கானிக் இதைச் சொன்னார். முக்கியமான பேச்சு என்றால் அவருக்குக் கை சும்மா இருக்க வேண்டும்.

எதிரே, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் சார் உட்கார்ந்திருந்தார். மடியில் ஹெல்மெட். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு ‘நூறு சிசி’ என்று பட்டப்பெயர். அந்தச் சின்ன வண்டியில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போகிற வேகத்தில், அவர் போகாத இடமில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

“ஏன் ஒத்து வராது? கடைக்காரன் அடிச்சுச் சொல்றானே! ‘உங்க வண்டியில இருக்கிறது பேப்பர் ஃபில்டர், இன்ஜினுக்கு மூச்சு முட்டுது. இந்தப் புது ஃபில்டரைப் போட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்’கிறான்.”

“விக்கிறவன் வேற எப்படிச் சொல்வான்? காத்து மட்டும் அதிகமாப் போனாப் போதுமா சார்? அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோலும் போகணும். கார்புரேட்டர்ல பெட்ரோலை விடற ஜெட்டை மாத்தணும். இல்லைன்னா இன்ஜின் கொதிச்சுடும்.”

“சரி, ஜெட்டையும் மாத்திடு.”

“மாத்தினா மைலேஜ் படுத்துடும்.”

“படுக்கட்டுமே. நான் என்ன தினமும் ஊரைச் சுத்தறேனா?”

“தூசிக்கு என்ன சொல்றீங்க? நம்ம ரோட்டுப் புழுதி பூரா உள்ளே போய் பிஸ்டனை அரிச்சுடும். மழை பெஞ்சா தண்ணியையும் குடிச்சுட்டு நடுரோட்ல நின்னுடும். அப்புறம் வண்டி உங்களைச் சுமக்காது, நீங்கதான் வண்டியைச் சுமக்கணும்.”

சார் தாடையைத் தடவிக்கொண்டார். ஒவ்வொரு காயாக வெட்டுப்பட்டும் ஆட்டத்தை விட மனமில்லாதவர் போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“நீ ஒண்ணை விட்டுட்டியே. சத்தம்!”

“என்ன சத்தம்?”

“அதைப் போட்டா இன்ஜின் மூச்சு இழுக்கிற சத்தம் கம்பீரமா கேக்குமாமே!”

மெக்கானிக் சிரித்துவிட்டார். “இந்த வயசுல யாருக்கு சார் கம்பீரம் காட்டப் போறீங்க?”

“யாருக்குமில்லைப்பா.” சார் ஹெல்மெட்டின் வாரை இழுத்துச் சரிசெய்தார். “சாயங்காலம் வீட்டுக்குப் போனா, நான் பூட்டைத் திறக்கிற சத்தம்தான் தெரு பூரா கேக்குது. உள்ளே போனா அதுவும் இல்லை. வாசல்ல கொஞ்சம் சத்தம் இருந்தா, ஆள் வந்திருக்குன்னு தோணும் பாரு...”

மெக்கானிக் பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீயை ஊற்றினார். மேம்பாலம் வந்த பிறகு அந்தத் தெருவில் வண்டிகள் குறைந்துவிட்டன. பட்டறையில் மெக்கானிக்கோடு வேலை பார்த்தவர்களும் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். இருவரும் ஆளில்லாத சாலையைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார்கள்.

“அண்ணே, எனக்கு டீகூட வேண்டாம், பிரேக் வயரை மட்டும் மாட்டிக் கொடுங்க” என்றது ஓரத்து ஸ்டூலிலிருந்து ஒரு குரல். பார்சல் கம்பெனிப் பெண். அவளுடைய ஸ்கூட்டர் பாதி பிரித்தபடி நின்றது. “சார் இவ்வளவு ஆசைப்படறாரு. அந்த ஃபில்டரைத்தான் போட்டு விட்டுடுங்களேன். சண்டையாவது தீரும்.”

சார் திடுக்கிட்டார். “இல்லைம்மா, இல்லைம்மா! இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்யற காரியமா? ஜெட் இருக்கு, தூசி இருக்கு, மைலேஜ் இருக்கு... எல்லாத்தையும் யோசிக்கணும்.”

“அதானே!” என்றார் மெக்கானிக், அவரைவிட அவசரமாக. “அதுவும் போக, ஸ்பாஞ்ச் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு சார். கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம். அதைப் பத்தி நாம இன்னும் பேசவே இல்லையே.”

சாரின் முகம் மலர்ந்தது. “ஸ்பாஞ்சா? எதுல கழுவறது? சோப்புத் தண்ணியிலயா, மண்ணெண்ணெய்லயா?”

“அது பெரிய கதை. நாளைக்கு வாங்க, விவரமா சொல்றேன்.”

“வர்றேன், கண்டிப்பா வர்றேன்.”

ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு சார் எழுந்தார். தெருமுனையில் திரும்பிக் கையை உயர்த்தினார். மெக்கானிக்கும் உயர்த்தினார். சார் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஸ்பேனரைத் தேடி எடுத்தார்.

அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்ணே, நான் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும் இதே பேச்சுதான். பாவம், வீட்ல தனியாக் கிடக்கிற மனுஷன். கெட்டுப்போனா போகுதுன்னு அவர் கேக்கறதைப் போட்டுக் கொடுத்தா நீங்க என்ன குறைஞ்சா போயிடுவீங்க? நாளைக்கு வரும்போது வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்க.”

மெக்கானிக் பிரேக் வயரை இறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

“எந்த வண்டியைம்மா? கண்ணு சரியில்லை, இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதும், போன வருஷமே ஆள் பார்த்து அதை அவருக்காக வித்துக் கொடுத்ததே நான்தானே.”