சொல்லப்படாத விண்ணப்பம்

மூன்றாம் வார்த்தைக்கு ஆல்பின் பிரசங்க பீடம் ஏறினான்.

பெரிய வெள்ளி. சித்திரபுரம் பக்கத்து எஸ்டேட் ஆலயத்தில் மத்தியானம் தொடங்கிய மும்மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு ஆண்கள் பேச வேண்டும். யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பவர் ஆண்கள் ஐக்கியச் செயலாளர் ஞானஜோதி. இந்த முறை, கள்ளனுக்குப் பரதீசு கொடுத்த இரண்டாம் வார்த்தை ரேஷன் கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததில் பெண்கள் பக்கம் கொஞ்சம் சிரிப்பு.

மூன்றாவதை மட்டும் ஞானஜோதி யோசித்துத்தான் ஆல்பினுக்குக் கொடுத்திருந்தார்.

இயேசு தம் தாயைச் சீடனிடம் ஒப்படைத்த வார்த்தை அது. பெறாத பிள்ளை அன்றைக்கே அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

ஞானஜோதி வீட்டில் ஒப்படைக்க வேண்டியது மகனை. ஸ்டீபனுக்கு முப்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. பேச்சும் அப்பாவுக்கும், இப்போது ஆல்பினுக்கும் மட்டுமே புரியும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எழுபதைத் தாண்டிய அப்பாவின் இடுப்பு இனி ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தாங்காது.

வாலிபப் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆளுக்கு ஒருவராக ஜெபத்தில் தாங்க வேண்டும் என்று ஐக்கியம் முடிவெடுத்தபோது ஞானஜோதிக்கு வாய்த்தவன் ஆல்பின். டூரிஸ்ட் ஜீப் ஓட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்வந்தவன்.

முதல் நாள் ஜெபிக்க அவருடைய லயத்து வீட்டுக்கு வந்தவன், மகனைக் குளிப்பாட்டப் பெரியவர் படும் பாட்டைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்டீபனை ஒரே தூக்காகத் தூக்கினான்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் தூக்குவது அவன், ஜெபிப்பது இவர். யார் யாரைத் தாங்கினார்கள் என்று ஐக்கியத்தில் எவரும் கேட்கவில்லை.

ஞானஜோதி இப்படிப்பட்டவர்களுக்கான ஓர் இல்லத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஸ்டீபன் தண்ணீர் கேட்டால் அது தண்ணீர் என்று அங்கே யாருக்கும் புரியப்போவதில்லை.

எனக்குப் பிறகு இவனைப் பார்த்துக்கொள் என்று ஆல்பினிடம் வாய்விட்டுக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. ஜெபித்ததற்குக் கூலி கேட்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இந்த வார்த்தையைக் கொடுத்தார். என்ன பேச வேண்டும் என்பதையும் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். சொந்த வாயால் சொல்லும்போது பையனுக்கே உறைக்கும் என்று நம்பினார்.

ஆல்பின் ஒரு வரி பிசகாமல் சொன்னான். சீடன் அந்தத் தாயை அழைத்துப் போன இடம் வந்ததும் நிறுத்தினான். முன் பெஞ்சில் இருந்த ஞானஜோதியைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

புரிந்துவிட்டது. ஞானஜோதிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆல்பின் தொடர்ந்தான்.

"என்கிட்ட ஒரு விண்ணப்பம் இருந்துச்சு. என்னன்னு கேக்காம ஜெபிங்க பெரியப்பான்னு சொன்னேன். ஆறு மாசமா வெள்ளிக்கிழம தவறாம எனக்காக உபவாசம் இருந்தாங்க. நேத்து விசா வந்துருச்சு. இஸ்ரேல்ல, நடக்க முடியாதவங்களப் பாத்துக்கிற வேல."

ஆலயம் முழுக்க ஸ்தோத்திரம் எழும்பியது. வேறு எந்த நாடாக இருந்தாலும் இவ்வளவு சத்தம் வந்திருக்காது. கர்த்தர் நடந்த மண் அல்லவா.

வெளியே சொல்லாத விண்ணப்பத்துக்கும் ஜெபிப்பது அவர்கள் வழக்கம். ஜெபிப்பவர் அதைத் துருவக் கூடாது. ஞானஜோதியும் துருவவில்லை. ஞாயிறு பள்ளி டீச்சர் டின்சியைத்தான் பையன் மனதில் வைத்திருக்கிறான், கல்யாணம் ஆனால் இங்கேயே காலூன்றிவிடுவான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். வயிற்றைக் காயப்போட்டுக் கண்ணீர் விட்டுக் கேட்டார். சீக்கிரம் நடக்கட்டும் ஆண்டவரே என்றும் சேர்த்துக் கேட்டார்.

போன மாதம், ஸ்டீபனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைப் போனில் வீடியோ எடுத்துத் தரச் சொன்னான் ஆல்பின். எடுத்தது அவர்தான். பையன் முகம் பளிச்சென்று தெரியட்டும் என்று ஜன்னலை வேறு திறந்து வைத்தார்.

ஆல்பின் இறங்கி வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தான். அவனைத் திட்ட ஒரு காரணம் கிடைத்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. தங்கமான பையன்.

பாட்டு முடிந்தது. அடுத்தது நான்காம் வார்த்தை. அது எப்போதுமே ஞானஜோதிக்குத்தான்.

ஏன் கைவிட்டீர் என்று சிலுவையிலிருந்து எழுந்த கேள்வி அது. வருடா வருடம் அவர் கேள்வியை வாசித்துவிட்டு, ஆண்டவர் கைவிடவில்லை, கைவிடவும் மாட்டார் என்று கால் மணி நேரம் விளக்குவார். அதைக் கேட்பதற்கென்றே மேல் டிவிஷனிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள்.

பீடத்தின் விளிம்பைப் பிடித்து ஏறினார். கேள்வியை வாசித்தார்.

அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் கேள்வியையே வாசித்தார். சபை காத்திருந்தது. போதகர் நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாவது முறையும் அதையே வாசித்தபோது, பெரியவருக்குப் பேச வேண்டியது மறந்துவிட்டது என்று நினைத்தான் ஆல்பின். முன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, பிரியமாகச் சொன்னான்.

"தைரியமாச் சொல்லுங்க பெரியப்பா. உங்களுக்குத் தெரிஞ்சதுதான."