மூன்றில் ஒரு மென்பொருள்

“ரெண்டாவதுதான்” என்றார் துறைத்தலைவர்.

கல்லூரியின் கணிதத் துறையில் பாடம் நடத்த ஒரு மென்பொருள் வாங்க வேண்டும். மூன்றை மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தாயிற்று. இன்று மதியத்துக்குள் ஒன்றின் பெயரை முதல்வருக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

போன வருடம் என் பார்வை முழுதாகப் போய்விட்டது. இனியும் நான் பாடம் நடத்துவேனா, இல்லை நூலகத்து நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வுபெறும் நாளை எண்ணுவேனா என்பது அந்த ஒரு பெயரில்தான் இருந்தது.

முதல் மென்பொருளை ஊர் உலகமே பயன்படுத்துகிறது. ஆனால் என்னிடம் அது கல்லுளிமங்கன். திரையில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாது.

மூன்றாவது பேசும். பேசித்தான் கெடுக்கும். ஏ-யையும் பி-யையும் கூட்டி, அந்த மொத்தத்தை சி-யால் வகுக்கச் சொல்லியிருந்தால், அடைப்புக்குறியை விழுங்கிவிட்டு “ஏ கூட்டல் பி வகுத்தல் சி” என்று ஒப்பிக்கும். அதை நம்பி வகுப்பில் விடை சொன்னால் என் மானம் கப்பலேறிவிடும்.

இரண்டாவது அடைப்புக்குறியைக்கூட விடாமல் படிக்கும். வரைபடத்தில் கோடு ஏறினால் அதன் ஓசையும் ஏறும், இறங்கினால் இறங்கும். முதல் நாள் அதில் ஒரு பரவளையத்தைக் காதால் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அதையே தலைவரும் சொல்கிறார், கூட இருந்த இருவரும் ஆமாம் என்கிறார்கள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது.

துறையில் மற்ற மூவரும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்காமல் விட்டதே இல்லை. தேநீர் இடைவேளையைப் பத்து நிமிடம் தள்ளிவைக்க இரண்டு கூட்டம் போட்டவர்கள். அவர்களா ஒரே குரலில் இரண்டாவது என்கிறார்கள்? என்மேல் பரிதாபப்பட்டு, கண் தெரிந்த நூறு பிள்ளைகளின் தலையில் மட்டமான ஒன்றைக் கட்டுகிறார்களோ?

அப்படி ஒரு தயவில் பாடம் நடத்த எனக்கு மனமில்லை. கேட்டே விட்டேன்.

“பிள்ளைங்க திரையிலதானே பார்ப்பாங்க? அவங்களுக்குப் படம் தெளிவா தெரியுதா? கோடு என்ன கலர்ல வருது?”



துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். புள்ளியியல் ஆசிரியர் எதற்கோ நாற்காலியை நகர்த்தினார். நான் நினைத்தது சரிதான் என்று தோன்றியது. நூலகத்துக்குப் போக மனதைத் தயார் செய்துகொண்டேன்.

எங்களில் இளையவள், வாயாடி என்று பெயரெடுத்தவள், கடைசியில் முணுமுணுத்தாள்.

“தெரியலக்கா. நாங்க யாருமே மூணு வாரமா திரையை ஆன் பண்ணல. உங்களை மாதிரி காதால கேட்டுக் கேட்டேதான் மூணுலயும் கணக்குப் போடப் பார்த்தோம். பிள்ளைங்க கண்ணால பார்ப்பாங்கங்கறதே மறந்துபோச்சு.”

இந்தச் சண்டைக்கோழிகளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

யாரோ எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. மற்ற நாற்காலிகளும் முன்னால் நகர்ந்தன.

“அட, நீலம்!” என்றார் துறைத்தலைவர். “பளிச்சுனு இருக்கே!”