பெரட்டு நேரத்துக் கம்பியூட்டர்

“நாளைக்கும் இந்த மிஷின் இப்படி இழுத்துச்சுன்னா, நீ வீட்டோட இரு. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்!”

தோட்டத்தை நடத்தும் பெரிய துரை டெலிபோனைக் கையில் பிடித்தபடியே கத்தினார். கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நிசாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸ் அது. தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண், பண்டாரவளைக்கு பஸ் ஏறிப் போய்க் கம்பியூட்டர் படித்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வேலைக்கே வேட்டு.

எல்லாம் கொழும்புக் கம்பெனி போட்ட புதுச் சட்டத்தால் வந்த வினை. முன்பு காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, வருகிறவர்களின் பெயரைக் கங்காணி பென்சிலால் எழுதுவார். பிந்தி வந்தாலும் ஏசிவிட்டுச் சேர்த்துக்கொள்வார். இப்போது கம்பியூட்டர் திறந்த கையோடு, களத்தில் நிற்கிறவர்களின் பெயர்களை ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவருக்கு அன்றைக்கு வேலை இல்லை.

ஆனால் அந்தப் பெட்டி திறந்தால்தானே! சுவிட்சைப் போட்டால் திரையில் மணற்கடிகாரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கொழும்பிலிருந்து டெலிபோன் அலறும். துரை நிசாந்தினியைப் பார்த்து அலறுவார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினாள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், தாராளமாக இருந்தது. கடைசியில்தான் கோளாறு பிடிபட்டது. சுவிட்ச் போட்டதுமே தானாகத் திறந்துகொள்ளும்படி சீட்டாட்டம், பாட்டு, அகராதி என்று என்னென்னவோ போட்டு வைத்திருந்தது. போதாக்குறைக்கு வைரஸ் பிடிக்கிற வைரஸ் கார்ட் வேறு, டிஸ்க் முழுவதையும் துழாவி முடித்த பிறகுதான் வழிவிடும்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள். பெட்டி சட்டென்று திறந்துகொண்டது. தப்பித்தேன்டா சாமி என்று மூச்சு விட்டாள்.

மறுநாள் காலை மணற்கடிகாரம் பழையபடி சுற்றியது.

நேற்று மாற்றிய இடத்தைத் திறந்தாள். உள்ளே போய்ப் பார்த்தால், நேற்று நிறுத்திய அத்தனையும் திரும்ப வந்திருந்தன. யாரோ வேண்டுமென்றே அவள் வேலைக்கு உலை வைக்கிறார்கள்!

துரையை விட்டால் ஆபீஸ் சாவி இருப்பது பெரிய கிளார்க் சிவஞானத்திடம். யாழ்ப்பாணத்துக்காரர். கம்பியூட்டர் வந்த நாளிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்.

“ஐயா, ஏங்க இப்படிப் பண்றீங்க? என் சம்பளத்துலதாங்க வீடு ஓடுது.” அழுதே விட்டாள்.

“எனக்கு உந்தப் பெட்டியை எப்பிடிப் போடுறதெண்டே தெரியாது பிள்ளை,” என்றார் அவர்.

அவள் நம்பவில்லை. அன்று சாயங்காலமும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் விடிந்தும் விடியாததுமாக, பனிமூட்டத்தில் நடுங்கிக்கொண்டே ஆபீஸுக்கு வந்தாள். கையும் களவுமாகப் பிடித்தால்தான் வேலை தங்கும். கதவு திறந்திருந்தது. கம்பியூட்டருக்கு முன்னால் ஒருவர் குனிந்து, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய துரை.

நிசாந்தினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“உள்ள வா. கதவச் சாத்து,” என்றார் துரை. “ஒனக்கு வேலை நல்லாத் தெரியுது. அதான் எனக்குத் தொல்லை, கரச்சல்.”

பெரட்டு மணி அடித்தது. துரை பெட்டியை அணைத்துவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டார். மணற்கடிகாரம் சுற்ற ஆரம்பித்தது. வெளியே களத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். பள்ளத்துப் பிள்ளைக்காம்பராவில் அழுகிற கைக்குழந்தைகளை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, பெண்கள் மேட்டில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

டெலிபோன் அலறியது. துரை எடுத்தார். எடுத்ததுமே அவளைப் பார்த்துக் கத்தினார்.

“இன்னும் தொறக்கலியா? ஒன்ன வேலைக்கு வச்சதே தப்பு!”

நிசாந்தினிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துரை ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஜன்னலைக் காட்டி மெதுவாகக் கேட்டார்:

“இன்னும் எத்தன தாய்மார் ஓடி வர்றாங்க? பாத்துச் சொல்லு.”