கடித்த செருப்பும் கடிக்காத செருப்பும்

தணிகாசலம் வாங்கிய புதுச் செருப்பில், இடது செருப்பு முதல் நாளே அவர் குதிகாலைக் கடித்துவிட்டது. தோல் உரிந்து நொண்டிக்கொண்டே வீடு வந்தவர், "இந்தச் சனியனைக் குப்பையில போடணும்" என்று இரண்டையும் வாசலில் உதறிவிட்டு உள்ளே போனார்.

வலது செருப்பு வாசல் மிதியடியிடம் முறையிட்டது. "கடிச்சது அவன். நான் ஏண்ணே குப்பைக்குப் போகணும்?"

"அவனை மட்டும் தூக்கிப் போட்டா, ஒத்தச் செருப்பா இருந்து நீ என்ன பண்ணுவ?" என்றது மிதியடி. "நான் யாரையும் கடிச்சதே இல்ல. தினமும் மிதி வாங்குறேன். என்கிட்ட வந்து நியாயம் கேக்குற."

இடது செருப்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "தம்பி சொல்றதுதான் சரி. எந்த நிரபராதியும் தண்டிக்கப்படக் கூடாது. அந்த விஷயத்துல நான் ரொம்பக் கறார்."

தணிகாசலத்துக்கும் நல்ல வலது செருப்பை எறிய மனம் வரவில்லை. இடது செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, இதமாக நீவிவிட்டார். அது மறுபடியும் கடித்தது. அவர் மறுபடியும் எண்ணெய் தடவினார். வலது செருப்பை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்தில் கிடந்து அந்த எண்ணெய் வாசனையை முகர்ந்து முகர்ந்து வெறுத்துப்போன வலது செருப்பு, ஒரு நாள் தெருமுனையில் அவரை நறுக்கென்று கடித்தது.

அன்று சாயங்காலமே இரண்டும் குப்பைத்தொட்டியில் கிடந்தன.

"கெடுத்தியேடா பாவி" என்றது இடது செருப்பு. "நீ யோக்கியனா இருக்கிற தைரியத்துலதானடா நான் கடிச்சிக்கிட்டிருந்தேன்."