இருநூற்று எழுபத்திரண்டு படி

ஏர்போர்ட் பெல்ட்டில் பெட்டி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மௌரீன் நினைத்திருந்தாள். பெட்டி வந்துவிட்டது. ருக்கு அதைக் கீழே இறக்கியதும் முதல் வேலையாக ஜிப்பைத் திறந்து, பாங்காக்கில் வாங்கிய நீலக்கட்டம் போட்ட சட்டை கசங்கியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்று மூடினாள். "வா, டாக்ஸி பிடிக்கலாம்."

சட்டை ஸ்ரீகண்டனுக்கு. ருக்குவின் புருஷன், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீராம்புரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் போனவர். போனவர் போனபடியே இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொம்மலூரில் ருக்கு வீட்டுக்கு வந்து, ருக்கு கையால் காபி குடித்து, பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கிளம்புவார். "வெக்கங்கெட்ட மனுஷன்," என்று மௌரீன் திட்டுவாள். ருக்கு டம்ளரைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

அந்த ஸ்ரீகண்டன் செத்து ஏழு நாள் ஆகிறது. அது மௌரீனுக்குத் தெரியும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேரும். சிங்கப்பூருக்கு எத்தனையோ ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்த மௌரீனுக்கு, சாவதற்குள் அந்த ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பத்து நாள் டூர். பாங்காக், கோலாலம்பூர், கடைசியில் சிங்கப்பூர்.

முதல் நாலு நாள் கும்மாளம்தான். கோலாலம்பூர் ஓட்டலில் பாத்ரூமில்கூட ஒரு போனைப் பார்த்துவிட்டு ருக்கு, "இங்கயுமா டியூட்டி?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். வழியில் கோயில் என்று ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டாள். பத்துமலையில் மௌரீன் நாற்பதாவது படியிலேயே உட்கார்ந்துவிட, ருக்கு இருநூற்று எழுபத்திரண்டு படியும் ஏறி, முருகனைப் பார்த்து, மூச்சு வாங்காமல் இறங்கி வந்தாள்.

மறுநாள் காலை, ருக்கு குளிக்கப் போயிருந்தபோது ஓட்டல் அறைக்கு போன் வந்தது. ருக்குவின் மகன் தருண்.

"ஆண்ட்டி, அப்பா போயிட்டாரு. நேத்து காலையில, ஹார்ட் அட்டாக். அந்த வீட்டுக்காரங்க சாயந்திரமே எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க. அம்மா ஓடி வந்தாலும் மொகம் பாக்கக்கூட ஒண்ணும் இல்ல. அவங்க வெளியூர்னு கெளம்புனதே இப்பதான். டூர் முடியட்டும். வீட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

போனை வைத்தபோது குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மௌரீனுக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அந்த மரத்துப்போன மனசோடுதான் அவள் ஆசைப்பட்ட சிங்கப்பூரைப் பார்த்தாள். கேபிள் காரில் போனாள், பறவைப் பூங்காவுக்குப் போனாள், போட்டோவுக்குச் சிரித்தாள். பக்கத்தில் ருக்குவும் சிரித்தாள். பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைக்க நினைக்க மௌரீனுக்குச் சோறு இறங்கவில்லை.

செராங்கூன் ரோட்டில் காளியம்மன் கோயில் வந்தது. தெருவோடு தெருவாக இருக்கிற கோயில். ருக்கு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மூட்டு வலி தாங்கல. நீ போய்ப் பாத்துட்டு வா, நான் செருப்பைப் பாத்துக்கறேன்."

பத்துமலை இப்போதுதான் காலைப் பிடிக்கிறது என்று நினைத்து மௌரீன் தனியாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு சர்ச்சுக்குப் போகிறவள், காளிக்கு முன்னால் நின்று ருக்குவுக்காக வேண்டிக்கொண்டாள். விபூதியைக் கொண்டு வந்து நீட்டினால், ருக்கு கையில் வாங்கவில்லை. "பேப்பர்ல மடிச்சு உன் பையில வச்சுக்கோ," என்றாள்.

இப்போது டாக்ஸி ஏர்போர்ட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நட்ட நடு மத்தியானம். தொம்மலூர் பத்தே நிமிஷம்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் ருக்கு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

மௌரீன் அவளைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக் காலை இவள் டிகாஷன் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்ஸி தெருமுனையில் திரும்பி வீட்டு வாசலில் நின்றது. இனி தள்ளிப்போட முடியாது.

"ருக்கு, ஒண்ணு சொல்லணும். கோலாலம்பூர்ல, நீ குளிக்கப் போயிருந்தப்ப, தருண் போன் பண்ணான்."

என்ன விஷயம் என்று ருக்கு கேட்கவில்லை. மௌரீனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மூட்டு வலியெல்லாம் இல்லடி. புருஷன் செத்த தீட்டோட கோயிலுக்குள்ள போகக் கூடாது, அதான் வெளியிலயே நின்னேன்."

மௌரீன் சட்டென்று நிமிர்ந்தாள். "தெரிஞ்சேவா கேபிள் கார்ல ஏறுன?"

"சொன்னா, அப்பவே ஊருக்குத் திரும்பலாம்னு நிப்பே. முப்பது வருஷமா பாக்கணும்னு இருந்தியே."

"தருண் உன்கிட்ட சொல்லலியே. உனக்கு யாரு சொன்னா?"

ருக்கு கதவைத் திறந்து இறங்கினாள்.

"பாத்ரூம்லயும் ஒரு போன் இருந்துச்சே, மௌரீன்."